மேடே இல்லாத வன்னியில கியர் சைக்கிள் எதுக்கு?

9 யூன் 2024, பின்னேரம் (கேட்டவர்: தர்மபுரத்துக்கு வேலைக்குப் போற தம்பி)

அண்ணைமாரே, ஒரு யோசனை சொல்லுங்கோ. போன மாசம்தான் யாழ்ப்பாணத்தில இருந்து மாற்றலாகி வந்தனான். அறை கிளிநொச்சி ரவுணுக்குள்ள, வேலை தர்மபுரத்தில. பரந்தன் சந்தியால திரும்பிப் போக ஒரு பக்கம் 15 கிலோமீற்றர் மட்டில வருது. பஸ் வந்தால் வரும்; வந்தாலும் மிதிபலகையிலதான் இடம். மோட்டச்சைக்கிளுக்குக் காசில்லை. சைக்கிள் பாக்கப் போனால் ஒரு கடைக்காரர் கியர் உள்ளதை எடுங்கோ எண்டுறார், மற்றவர் கியர் இல்லாத சும்மா லுமாலாச் சைக்கிள் காணும் எண்டுறார். விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். எதை எடுக்கிறது?

9 யூன், இரவு (பதில்: வட்டக்கச்சி அண்ணை; இனி வாறதெல்லாம் அவர் எழுதினது)

லுமாலாவை எடும். கியர் வேண்டாம்.

நுவரெலியாவில இருந்து கேட்டிருந்தால் வேற கதை. வன்னியில மேடு எங்க கிடக்கு? கிளிநொச்சியில நான் கண்ட ஆக உயரமான ஏத்தம் இரணைமடுக் குளக்கட்டு. அதில ஏறி வேலைக்குப் போறவன் ஆரும் இல்லை, மீன் வாங்கப் போறவன்தான் ஏறுவான். நான் வட்டக்கச்சியில இருந்து ரவுணுக்கு 2011 இல இருந்து ஒரே சைக்கிளில போய் வாறன். ஆம்பிளைச் சைக்கிள், 28 அங்குலச் சில்லு, கியர் எண்ட பேச்சே இல்லை. இந்தப் பதின்மூண்டு வருசத்தில ரயர் நாலு சோடி மாத்தினன், சீற் ரெண்டு, பெடலுக்குக் கணக்கில்லை. பெல் முதல் வருசமே களவு போட்டுது. அதுக்குப் பிறகு வாயாலதான்.

கியருக்குக் குடுக்கிற காசில ஒரு நல்ல பூட்டு, ஒரு லைற், ஒரு மழைக்கோட்டு வாங்கும். மிச்சத்துக்குப் பிளேன்ரீ குடியும்.

10 யூன், காலமை

சொல்ல மறந்தது. ரோட்டுக் கரையில கிரவலுக்கு இறக்காதையும். நெருஞ்சி கிடக்கும். முள்ளுக் குத்தினது கண்டால் உடன பிடுங்கிற விசர் வேலை பாக்கவேண்டாம். முள்ளே அடைப்பு மாதிரி நிண்டு கொஞ்ச நேரம் காத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒட்டுப் போடுற கடை வரைக்கும் ஓடிப்போய்ப் பிடுங்கும். நெருஞ்சிக்கு இது சரி. விடத்தல் முள்ளு எண்டால் இறங்கி உருட்டவேண்டியதுதான்.

காத்து இறுக்கமா அடியும். பாதிப் பேர் "சைக்கிள் பாரமாக் கிடக்கு" எண்டு சொல்லுறது சைக்கிளின்ர பிழை இல்லை, ரயருக்குள்ள காத்தில்லை.

11 யூன்

மாங்குளத்தார் ஒருத்தர் என்னைத் திருத்தியிருக்கிறார். வன்னியில மேடு இல்லை எண்டது பிழையாம். வவுனியா கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 100 மீற்றர் மேல கிடக்கு, கிளிநொச்சி அதைவிட நல்லாப் பதிவு. ஏ9 ரோட்டால வவுனியாவில இருந்து வடக்கால வாறவன் தெரியாமலே இறங்கிக்கொண்டு வாறானாம். உண்மைதான். ஒத்துக்கொள்ளுறன். ஆனா எண்பது கிலோமீற்றருக்குள்ள இறங்கிறது 100 மீற்றர்கூட இல்லை. அதை மேடு எண்டால் என்ர வீட்டு வாசல்படியையும் மேடு எண்டு சொல்லலாம்.

புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில ரோட்டு கொஞ்சம் ஏறி இறங்கும், அதையும் எழுதி வைக்கிறன், பேந்து ஆரும் கேஸ் போடக்கூடாது.

தம்பிக்கு ஒண்டு: தர்மபுரப் பக்கம் இருட்டினாப் பிறகு மாடு ரோட்டில படுத்திருக்கும். தார் பகல் வெயிலில சூடேறி இரவு வரைக்கும் இளஞ்சூடாக் கிடக்கிறது அதுகளுக்குச் சுகம். கறுத்த மாடு, கறுத்த ரோட்டு. லைற் எண்டு நான் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை.

13 யூன்

கதை எங்கயோ போகுது. "டபிள்ஸ் ஏத்துறதெண்டால் கியர் உதவுமோ" எண்டு ஒரு பிள்ளை கேட்டிருக்கு. டபிள்ஸுக்கு உதவுறது பின்னால இருக்கிற ஆள்தான் பிள்ளை. கரியரில இருக்கிறவர் கால் ரெண்டையும் ஒரு பக்கம் போட்டு, கதைச்சுக்கொண்டு, இடைக்கிடை திரும்பித் திரும்பிப் பாத்தால் எத்தினை கியர் இருந்தும் பிரயோசனம் இல்லை. என்ர மனிசி அப்பிடித்தான். கலியாணம் கட்டின புதிசில வட்டக்கச்சியில இருந்து ரவுண் வரைக்கும் ஏத்திக்கொண்டு வந்தனான். ஓடினது நான், இடுப்பு நோகுதெண்டு படுத்தது அவ.

பாரில இருத்தி ஓடுறது வேற கலை. சின்னனில ஐயா என்னைப் பாரில துவாயைச் சுத்தி இருத்துவார். அவரின்ர தாடி தலையில குத்தும். நான் ஓடப் பழகினதும் அந்தச் சைக்கிளிலதான், பாருக்குக் கீழால காலை விட்டு அரைவாசி உழக்கி. அந்தச் சைக்கிள் 2009 இல மாத்தளன் பக்கம் விட்டதோட சரி. அதைப் பற்றி இங்க கதைக்க வரேல்ல.

16 யூன், ஞாயிறு, மத்தியானம்

இண்டைக்கு முறிகண்டி ஓட்டம். ஆறு பேர். விடிய ஆறு மணிக்குக் கிளிநொச்சியில இருந்து தெற்கால வெளிக்கிட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் கடலை வாங்கி, வெயில் ஏறத் திரும்பி வாறது. ஏ9 ஆல போற லொறிக்காரனே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் போவான். சில்லுக்குக் காத்தும் ஆளுக்கு மூச்சும் வேண்டிற நாங்கள் நிக்காமல் போகலாமோ?

ஆக்களைச் சொல்லுறன். முன்னுக்கு எப்பவும் நேர்ஸ் அக்கா. கூடை பூட்டின லேடீஸ் சைக்கிள், சேலைக்கு வலை பூட்டின பின்சில்லு. இரவு வேலை முடிச்சு வந்து நித்திரையில்லாமல் ஓடினாலும் அவதான் முன்னுக்கு. ரெண்டாவது விஞ்ஞான மாஸ்டர். 21 கியர்ச் சைக்கிள், 2022 இல பெற்றோல் லீற்றர் 470 ரூபா விக்கேக்க, பெற்றோல் பங்கீட்டுக் கியூஆரும் வரிசையும் வேண்டாம் எண்டு கடன்பட்டு வாங்கினது. பிறகு மேசன் அண்ணை. கரியரில எப்பவும் ஒரு சாந்தகப்பையும் கம்பித்துண்டும் இருக்கும், ஏனெண்டு கேக்கக் கூடாது. பிறகு ரெண்டு பெடியள், செல்பி எடுத்து எடுத்து வாறவங்கள். கடைசியா நான். கடைசியா வாறது களைப்பில இல்லை. ஆருக்கும் பஞ்சர் எண்டால் பாக்க ஒராள் பின்னுக்கு வேணும் எண்ட பொறுப்பில.

பாலைப்பழமும் வந்திட்டுது. ரோட்டுக்கரையில பையில கட்டி வைச்சிருந்தாங்கள். அரைக் கிலோ திண்டாப் பிறகு மாஸ்டரின்ர உதடு ரெண்டும் ஒட்டிப் பத்து நிமிசம் விளக்கம் ஒண்டும் வரேல்ல. எங்களுக்கு அதுதான் ஓய்வு.

திரும்பி வரேக்க பறந்து வந்தம். நாப்பது நிமிசம். மாஸ்டர் கியரை மாத்தி மாத்தி வந்தும் எனக்குப் பக்கத்திலதான். பாத்தீரோ தம்பி?

17 யூன், இரவு

நித்திரை வரேல்ல. நேற்று எழுதினதை ஒருக்கா வாசிச்சுப் பாத்தன். "திரும்பி வரேக்க பறந்து வந்தம்."

ஏன் பறந்து வந்தம்?

இது சோளகம். தென்மேற்கில இருந்து அடிக்கிற காத்து, வைகாசி பிறந்தால் புரட்டாதி வரைக்கும் நிக்கும். காலமை ஆறு ஏழுக்குப் படுத்திருக்கும், ஒன்பது பத்துக்கு எழும்பும், பின்னேரம் நாலு மணிக்குப் பனையைப் பிடிச்சு ஆட்டும். நாங்கள் விடியக் காத்தில்லாத நேரம் தெற்கால போறம், காத்து எழும்பினாப் பிறகு வடக்கால வாறம். முதுகில கை வைச்சுத் தள்ளிக்கொண்டு வருது. அஞ்சு வருசமா நாங்கள் கெட்டிக்காரர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்.

இனி என்ர வேலைக்குப் போற பாதையைப் பாப்பம். வட்டக்கச்சி ரவுணுக்குக் கிழக்கால, தெற்குச் சாய்வில கிடக்கு. காலமை ஏழு மணிக்கு மேற்கால வாறன், காத்தில்லை. பின்னேரம் நாலரைக்குக் கிழக்கால போறன். காத்து முதுகிலயும் வலப்பக்கத்திலயும். பதின்மூண்டு வருசமா என்னைச் சோளகம் வீட்டை கொண்டுபோய் விட்டிருக்கு. நான் அதை என்ர கால் எண்டு நினைச்சிருக்கிறன்.

தம்பி, நீர் பின்னேரம் தர்மபுரத்தில இருந்து பரந்தனுக்கு மேற்கால வாறீர். பரந்தனில இருந்து கிளிநொச்சிக்குத் தெற்கால திரும்பிறீர். முழுப் பாதையும் காத்து முகத்தில. வயல்வெளி, ஒரு மரம் மறைப்பில்லை. என்ர யோசனை பிழையெண்டு சொல்லேல்ல. ஆனா அது என்ர பாதைக்கான யோசனை. உம்மட பாதைக்கு இன்னும் யோசிக்கவேணும். சைக்கிள் இன்னும் எடுக்கேல்லத்தானே?

18 யூன்

மாஸ்டர் வாசிச்சுப்போட்டு ஒரு பாடமே எடுத்திட்டார். காத்தை எதிர்த்து ஓடேக்க, முகத்தில படுற காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானால் அது தள்ளுற பலம் நாலு மடங்காகுமாம். மேடு எண்டால் ஏறி முடிஞ்சால் இறக்கம் வரும், காத்து மேட்டுக்கு இறக்கமே இல்லை எண்டும் சொன்னார். உதடு ஒட்டாத நேரம் அவர் நல்லாத்தான் கதைப்பார்.

கேள்வி ஒண்டும் கேட்டார்: "மாரியில வாடைக்காத்து வடகிழக்கில இருந்து அடிக்கும். அப்ப பின்னேரம் உங்களுக்கு முகத்திலதானே? அதை எப்பிடிச் சமாளிக்கிறியள்?"

நான் பதில் சொல்ல முதல் நேர்ஸ் அக்கா எழுதிப்போட்டா: "மாரியில அவர் பஸ்ஸில வாறவர். நான் எத்தினை தரம் கண்டிருக்கிறன்."

சரி. மழை எண்டு பஸ்ஸில போறனான். கார்த்திகை, மார்கழி. சிலவேளை தையும். பதின்மூண்டு வருசம் எண்டதில வருசத்துக்கு ரெண்டு மூண்டு மாசத்தைக் கழிச்சுக்கொள்ளுங்கோ.

18 யூன், கொஞ்சம் பிந்தி

ஐப்பசிக் கடைசியையும் கழியுங்கோ. மனிசி பக்கத்தில இருந்து வாசிக்கிறா.

22 யூன், சனி

இண்டைக்கு லீவு. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, சோக்கட்டியால அடையாளம் வைச்சுப் பல்லு எண்ணினன். முன்னுக்கு 44, பின்சில்லின்ர பல்லுச்சக்கரத்தில, அதுதான் பிறீவீலில, 18. மனிசி வந்து எட்டிப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ள போட்டா.

கணக்கு இதுதான். பெடல் ஒருக்காச் சுத்தினால் பின்சில்லு 44 ஐ 18 ஆல பிரிச்ச அளவு சுத்தும், ரெண்டரைக்குக் கொஞ்சம் குறைய. 28 அங்குலச் சில்லு ஒரு சுத்துக்கு 2.2 மீற்றர் மட்டில போகும். அப்ப பெடல் ஒரு சுத்துக்கு 5.4 மீற்றர். நிமிசத்துக்கு 60 தரம் உழக்கினால் மணிக்கு 19 கிலோமீற்றருக்கு மேல. முதுகில காத்திருந்தால் அருமை. முகத்தில இருந்தால் அந்த 60 வராது, 40 தான் வரும், முழங்கால் கத்தும்.

பின்னுக்கு 22 பல்லுப் பிறீவீல் போட்டால்? சரியா ரெண்டு சுத்து, 4.4 மீற்றர். அதே 60 உழக்குக்கு மணிக்கு 16 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. காத்தில்லாத நாளில தம்பியின்ர 15 கிலோமீற்றருக்கு நாப்பத்தாறு நிமிசம் போய் ஐம்பத்தேழாகும். பதினொரு நிமிசம் நட்டம். ஆனா சோளகத்தில இறங்கி உருட்டாமல் வீட்டை வரலாம்.

ரவுணில சைக்கிள் கடை ஐயாவிட்டக் கேட்டன். அவர் சிரிச்சுப்போட்டுச் சொன்னார், முந்தி நெல்லு மூட்டையும் விறகும் கட்டி ஏத்திறவை எல்லாரும் செய்யிற வேலை இது எண்டு. பின்னுக்குப் பெரிய பல்லைப் போட்டு, செயினுக்கு ஒரு கண்ணி கூட்டி, சில்லைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து இறுக்கினால் சரியாம். கியர்ச் சைக்கிளின்ர விலையில சின்னத் துண்டுதான் செலவு. கியரும் வேணும், லுமாலாவும் வேணும் எண்டுறவனுக்கு நடுவால ஒரு வழி.

நான் இந்த வழியை இப்பதான் கண்டுபிடிச்சன் எண்டு நினைச்சன். ஐயா அம்பது வருசமாச் செய்யிறார்.

30 யூன், ஞாயிறு, இரவு

இதை நானே எழுதாட்டில் வேற ஆரும் எழுதுவினம். அதால எழுதுறன்.

இண்டைக்கு ஓட்டத்தை வேணுமெண்டே மாத்தினம். ஆனையிறவு போய் வாறது, அதாவது திரும்பி வரேக்க காத்து முகத்தில. நானும் மாஸ்டரும் சைக்கிள் மாத்தினம், திரும்பி வாற பாதைக்கு மட்டும். கியரைப் பற்றிப் பேசிறவன் ஒருக்கா ஓடிப் பாக்கவேணும் எண்டு தீர்ப்பு.

ஆனையிறவில உப்பளத்துக்குப் பக்கத்தில, ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து சீலையை உதறின மாதிரி அடிக்குது. மாஸ்டரின்ர சைக்கிளில ஏறி, அவர் சொன்ன மாதிரி ஒரு விரலால அமத்தினன். கால் லேசாப் போச்சு. தண்ணிக்குள்ள நடந்தவன் தரைக்கு ஏறின மாதிரி. இருவது நிமிசம் சந்தோசமா வந்தன், பொய் சொல்லேல்ல. பின்னால மாஸ்டர் என்ர லுமாலாவில எழும்பி நிண்டு உழக்கிக்கொண்டு வாறார், வேர்வை கண்ணாடியில ஓடுது. ஒரு விளக்கமும் இல்லை.

பரந்தனுக்கு இஞ்சால, பழைய கெமிக்கல் பக்ரறிப் பக்கம், ஒரு பெரிய அடி காத்து வந்தது. நான் இன்னும் லேசாக்குவம் எண்டு, முழுப் பலத்தோட உழக்கிக்கொண்டே அமத்தினன். உழக்கை விட்டிட்டு மாத்தவேணும் எண்டு அவர் சொன்னவர்தான். "கறக்" எண்டொரு சத்தம். செயின் பின்பல்லைத் தாண்டிக் கம்பிக்குள்ள விழுந்தது. பின்சில்லோட தொங்கிற கியர் அப்பிடியே இழுபட்டுக் கம்பிக்குள்ள போய் முறிஞ்சு, சில்லு இறுகி, நான் ரோட்டில இருந்தன். காயம் இல்லை. மானம்தான்.

மேசன் அண்ணை ஒண்டும் கதைக்கேல்ல. கரியரில இருந்த கம்பித்துண்டை எடுத்தார், ரோட்டுக்கரையில ரெண்டு கல்லு எடுத்தார். முறிஞ்ச கியரைக் கழட்டி, செயினின்ர ஆணியைத் தட்டி வெளிய எடுத்து, செயினைக் குறுக்கி, நடுப்பல்லு ஒண்டில நேராப் போட்டுத் திரும்பத் தட்டி ஏத்தினார். அரை மணித்தியாலம். கியர்ச் சைக்கிள் கியர் இல்லாத சைக்கிளாகித்தான் கிளிநொச்சிக்கு வந்தது. அந்தக் கம்பித்துண்டு எதுக்கு எண்டு இனி ஒருத்தரும் கேக்கமாட்டம்.

உதிரிச் சாமானுக்கு நான்தான் காசு. கிளிநொச்சியில அந்த மாதிரிக்கு இல்லை, சொல்லிவிட்டிருக்கு.

2 யூலை

ஆனையிறவால வந்து ரெண்டு நாளில என்ர செயின் செம்பட்டையாக் கிடக்கு. உப்புக் காத்து. தேங்காயெண்ணெய் விடலாமோ எண்டு கேக்கிறவைக்கு: விடலாம், ரெண்டு நாளைக்கு அருமையா ஓடும், மூண்டாம் நாள் செம்மண் புழுதி ஒட்டிக் களியாகும், கிழமை முடிய அதைச் சுரண்ட ஈர்க்கு வேணும். தையல் மெசின் ஒயில் நல்லது, ஆனா கெதியாக் காயும். நான் விடுறது மோட்டச்சைக்கிளால வடிச்ச கழிவு ஒயில். காற்சட்டையில பட்டால் போகாது. அதுக்குத்தான் செயின் கவர் பூட்டிறது. மாஸ்டர் இதைக் கேட்டுத் தலையில கைவைச்சார், அது கறுப்பு அரம்பொடி மாதிரி, செயினையே தேய்க்கும் எண்டு. இருக்கலாம். அவரின்ர சைக்கிளை நான் முறிச்சு மூண்டு நாள் ஆகேல்ல, இப்ப அவரோட வாதாட எனக்கு வாயில்லை.

5 யூலை

டைனமோ பூட்டினால் உழக்கப் பாரமோ எண்டு ஒரு கேள்வி. பாரம்தான். ரயரில உரசி ஓடிற சாமான். ஆனா அதை வைச்சு எங்கட ஆக்கள் செய்தது லைற் மட்டுமில்லை. தொண்ணூறுகளில பற்றறி வன்னிக்குள்ள வரத் தடை. வானொலி கேக்கவேணும். சைக்கிளை முத்தத்தில தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் இழுத்து, இடையில ஒரு டயோட்டும் கொண்டென்சரும் போட்டு, ஒராள் பெடலைக் கையால சுத்த மற்ற ஆக்கள் பிபிசி தமிழோசை கேட்டம். சுத்திறது பெரும்பாலும் நான். வேகம் குறைஞ்சால் செய்தி வாசிக்கிறவரின்ர குரல் கிணத்துக்குள்ள போகும். "சுத்தடா, சுத்தடா" எண்டு ஐயாவும் அயலும் கத்தும். கை மாத்திற நேரத்தில போன செய்தி போனதுதான்; பிறகு அதில என்ன சொன்னது எண்டு சண்டை வேற.

சைக்கிளில ஓடாமலே களைச்சவன் நான். இதைக் கியர்க் கணக்கில சேர்க்கவேண்டாம்.

10 யூலை, புதன், இரவு

தம்பி இன்னும் சைக்கிள் எடுக்கேல்ல, "நீங்கள் எல்லாரும் ஒரு முடிவுக்கு வாங்கோவன்" எண்டு எழுதியிருக்கிறார். நியாயம். அதால இண்டைக்கு ஒரு அலுவலாத் தர்மபுரம் போனதோட, நாலரை மணிக்கு அங்க இருந்து என்ர சைக்கிளிலயே வெளிக்கிட்டன். 18 பல்லு. ஒண்டையும் மாத்தேல்ல. அந்தப் பாதையை நான் ஓடிப் பாக்காமல் யோசனை சொன்னது பிழை எண்டு மனசில ஒரு குத்தல்.

முதல் ரெண்டு கிலோமீற்றர் சரி. பிறகு வெளி. காத்து எண்டால் காத்து. பள்ளிக்கூடப் பிள்ளையள் ரெண்டு லேடீஸ் சைக்கிளில குனிஞ்சு, கதைச்சுக்கொண்டு, என்னைத் தாண்டிப் போச்சுதுகள். ஒண்டு திரும்பிப் பாத்து, "அங்கிள், சைற்ரால குனிஞ்சு வாங்கோ" எண்டுது. சைற்ரால எப்பிடிக் குனியிறது எண்டு யோசிச்சதிலயே அரைக் கிலோமீற்றர் போச்சு.

அப்பதான் வைக்கல் ஏத்தின லாண்ட்மாஸ்ரர், அந்த ரெண்டு சில்லு உழவு மெசின், ஒண்டு பின்னால வந்து தாண்டினது. அதுக்குப் பின்னால ஒட்டினன். அப்பா! காத்தே இல்லை. வைக்கல் மலை முன்னால போகுது, நான் நிழலில போறன். வாழ்க்கையில வால் பிடிக்கிறது கேவலம் எண்டு நினைச்சு வளந்தவன் நான். வால் பிடிக்கிறதில இவ்வளவு சுகம் இருக்கெண்டு இந்த வயதிலதான் தெரிஞ்சுது. கண்ணுக்குள்ள வைக்கல் தூசி, மூக்குக்குள்ள டீசல் புகை, அது பரவாயில்லை.

லாண்ட்மாஸ்ரர் பரந்தனுக்கு இஞ்சாலயே ஒரு ஒழுங்கைக்குள்ள திரும்பிட்டுது. காத்து என்னைக் கண்டுபிடிச்சிட்டுது.

பரந்தன் சந்தியில இறங்கி ஒரு பிளேன்ரீ, ரெண்டு வடை. கிளிநொச்சி வரைக்கும் அஞ்சு கிலோமீற்றர் கிடக்கு. எத்தினை மணிக்கு ரவுணுக்கு வந்தன் எண்டு கேக்கவேண்டாம்.

11 யூலை

கேட்டிட்டினம். ஆறே முக்கால். அதுக்குப் பிறகு வட்டக்கச்சி. முதுகில காத்து தள்ளியும் கால் வரேல்ல.

இன்னொண்டு. பரந்தனில இருந்து கிளிநொச்சிக்கு முழுக்க ஓடி வரேல்ல. பாதி வழியில தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் சின்ன லொறியில வந்தவன். பின்னால சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறி வந்தனான். நேர்ஸ் அக்கா கரடிப்போக்குச் சந்தியில நிண்டு கண்டிட்டா, அதால இதை நானே முந்திச் சொல்லுறன்.

14 யூலை

சைக்கிள் கடை ஐயாவிட்ட விட்டிட்டு வந்தன். 18 பல்லைக் கழட்டியாச்சு, 22 போட்டாச்சு. ஆரும் பகிடி விடக்கூடாது. கழட்டேக்கதான் கண்டம், இவ்வளவு நாளும் பெடல் சுத்துக்கு ஒருக்கா "டிக்" எண்டு கேட்ட சத்தம், பெடல் தண்டை இறுக்கிற ஆணி, கொட்டர்பின், தேஞ்சதால. ஐயா அதையும் மாத்தி, "எவ்வளவு காலமா இப்பிடி ஓடினனீ?" எண்டார். சொல்லேல்ல.

பின்னேரம் வட்டக்கச்சிக்கு ஓடிப் பாத்தன். முதுகில காத்து, 22 பல்லு: கால் மெசின் மாதிரிச் சுத்துது, சைக்கிள் அசையிற மாதிரி இல்லை. என்ர பாதைக்கு 18 தான் சரி. இனி என்ன செய்யிறது, காசு குடுத்தாச்சு. மாரிக்கு உதவும். இந்த முறை மாரியில பஸ்ஸில போகமாட்டன் எண்டு மனிசிக்கு முன்னால சொல்லிப்போட்டன்.

21 யூலை, ஞாயிறு

மாஸ்டரின்ர கியருக்குச் சாமான் வந்து பூட்டியாச்சு. அவர் எனக்குத் தொடத் தரமாட்டாராம், பாக்கலாமாம்.

பெரிய செய்தி அது இல்லை. நேர்ஸ் அக்கா கியர்ச் சைக்கிள் எடுத்திட்டா! "நீங்கள் அடிபட்டுக்கொண்டு கிடந்த நேரம் நான் எல்லாத்தையும் வாசிச்சுக் கணக்குப் பாத்தனான்" எண்டா. இவ்வளவு நாளும் ஒரு கியரோட எங்களை முந்தினவ இருபத்தொண்டோட என்ன செய்யப்போறாவோ, பிள்ளையார்தான் காப்பாத்தவேணும். அவவின்ர பழைய லேடீஸ் சைக்கிளைத் தம்பி வாங்கிட்டார். கூடையோட, சேலை வலையோட. பின்னுக்கு எத்தினை பல்லு எண்டு இண்டைக்குச் சோக்கட்டியோட போய் எண்ணினம்.

22. அவ வாங்கின நாளில இருந்து அதுதானாம்.

முறிகண்டியில தம்பி கூடை நிறையக் கச்சான் வாங்கினார். மேற்குக் காத்துக்கும் கச்சான் எண்டுதானே பேர், முகத்தில அடிக்கிறதைத் திண்டு தீர்க்கிறன் எண்டார். பெடியன் தேறிட்டான். வரேக்க கூடையில இருந்து எடுத்து எடுத்து ஒற்றைக் கையால ஓடினார், கச்சான் கோது முழுக்கப் பின்னால வந்த என்ர முகத்தில.